ஒன்பதாம் நாள் மழை

மே மாத வெயிலைத் திட்டாத ஆள் செங்கல்பட்டு மாவட்டத்தில் உண்டென்றால் அது மழைக்காரர்கள் மட்டும்தான். ஊரே வியர்த்து வழிந்து கிடக்கும்போது இவர்கள் மட்டும், வெயில் நாற்பத்திரண்டைத் தொட்டுவிட்டது, சாயங்காலம் இடி நிச்சயம் என்று கல்யாண வீட்டுக்காரர்களாகப் பூரித்துப்போவார்கள். ஆளுக்கொரு மழைமானி மாடியில் இருக்கும். கையில் ரேடார் படம் ஓடும் போன். எல்லாருக்குமாக வாட்ஸப்பில் ஒரு குழு. தினமும் காலை எட்டரைக்கு, முந்தின நாள் தன் இடத்தில் எத்தனை மில்லிமீட்டர் பெய்தது என்று அவரவர் எழுத வேண்டும். படம் கேட்கும் வழக்கம் கிடையாது, எழுதினால் எழுதியதுதான். குழுவை நடத்துகிற வசந்த் பொத்தேரியில் கல்லூரி வாத்தியார். ஓர் எண் பொய்யென்று தெரிந்தால் அந்த ஆளின் மொத்த எண்களையும் அழித்து ஆளையும் வெளியே தள்ளிவிடுவார். குழுவுக்கு இருந்த சட்டம் அது ஒன்றுதான்.

ரேணுகா அந்தக் குழுவில் ஏழு வருஷமாக இருந்தாள். மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலுக்கும் உப்பங்கழிக்கும் நடுவில் நெருக்கிக்கொண்டு கிடக்கும் ஒரு குப்பத்தில் அங்கன்வாடி டீச்சர். மழைமானியை அங்கன்வாடி மாடியிலேயே வைத்திருந்தாள். அவள் கணவன் மாரி கடலுக்குப் போகிறவன். மழையை அளந்து இன்னா செய்யப்போறே என்று கேட்டுக் கேட்டு அலுத்துப்போய் விட்டுவிட்டான்.

கோடை இடிமழைக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. திருவண்ணாமலை, காஞ்சிபுரம் பக்கம் பிறந்து, செங்கல்பட்டு, மதுராந்தகம் வரைக்கும் தடபுடலாக வரும். கடற்காற்றைப் பார்த்ததும் சப்பென்று அடங்கிவிடும். குப்பத்துக்கு மின்னலைக் காட்டுவதோடு சரி. அதனால் மே முழுக்க ரேணுகா பூஜ்யம்தான் எழுதுவாள். குழுவில் அவளுக்கு முட்டை அக்கா என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவளும் சிரிப்புப் பொம்மை ஒன்றைப் பதிலுக்குப் போட்டுவிட்டு உள்ளுக்குள் வெந்துகொண்டிருப்பாள்.

போன வருஷம் மே மாதம் ஒரு காலையில் உள்நாட்டுக்காரர்கள் எல்லாரும் நாற்பது, ஐம்பது என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். ரேணுகாவின் மழைமானியில் ஓர் எறும்பு மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. அவள் 9.4 என்று எழுதினாள். வயிற்றெரிச்சல்தான், வேறென்ன. அந்தப் பக்கக் கடற்கரையில் வேறு யாரிடமும் மழைமானி இல்லாததால் சரிபார்க்கவும் ஆளில்லை. கைதட்டல்கள் வந்து குவிந்தன.

அதை எழுதிய ஒன்பதாம் நாள், பிள்ளைகளுக்குத் தட்டு வைக்கிற நேரத்தில் மழை வந்தது. இடி, காற்று எதுவும் இல்லை. மண்வாசனைகூட எழும்பவில்லை. கையை நீட்டிப் பார்த்தால் தண்ணீர் வெதுவெதுவென்று இருந்தது. பத்தடி தள்ளிக் கருவாடு காயவைத்திருந்த சம்பூர்ணம் எழுந்திருக்கவே இல்லை. அவள் பக்கம் வெயில் அடித்துக்கொண்டிருந்தது. ரேடாரில் ஒரு புள்ளிகூடக் காணோம். மழை நின்றதும் ரேணுகா மாடிக்குப் போய்ப் பார்த்தாள். சரியாக 9.4 இருந்தது.

பயந்தாளா என்றால் அதுதான் இல்லை. தன் பொய்யை அம்மனே பார்த்து உண்மையாக்கிவிட்டாள் என்று நினைத்துக் கோயிலில் சூடம் கொளுத்திவிட்டு வந்தாள். அந்தத் தைரியத்தில் ஜூன் மாதம் 23.6 என்று இன்னொரு பொய் எழுதினாள். அதுவும் ஒன்பதாம் நாள் வந்தது, அந்தக் கட்டடத்தின் மேல் மட்டும் வந்தது. சாலையை உயர்த்தி உயர்த்தி அங்கன்வாடி இரண்டு படி பள்ளத்துக்குப் போயிருந்தது. இருபது நிமிஷத்தில் தண்ணீர் உள்ளே ஏறிப் பாய்கள் மிதந்தன. பத்தொன்பது பிள்ளைகளில் ஒன்றுகூட அழவில்லை. எல்லாம் ஜன்னலையே பார்த்தபடி நின்றன. நாலு வயதுத் தமிழரசிதான் வாயைத் திறந்தாள்.

“டீச்சர், மழ எண்ணிகினு கீது.”

ரேணுகா காதைக் கொடுத்துக் கேட்டாள். கூரையில் சத்தம் ஒன்று ஒன்றாக, ஒரே அளவில் இடைவெளி விட்டு விழுந்தது. பிறகு குழாயை மூடியது மாதிரி நின்றது. அளந்து பார்த்தபோது 23.6. இனிமேல் பொய் எழுதுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தாள்.

ஒரு வருஷம் அந்த முடிவு தாங்கியது. இந்த வருஷம் மே மூன்றாம் வாரத்தில் கருங்குழி கார்த்தி 131 என்று எழுதினான். மறைமலைநகரில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறவன், குழுவுக்கே செல்லப்பிள்ளை. கோடையிலேயே அதிகம் என்று வசந்த் பாராட்டித் தள்ளினார். அந்தச் சூட்டோடு கார்த்தி குரலில் ஒரு செய்தி அனுப்பினான். முட்டை அக்கா அந்த மழைமானியைக் கருவாடு போட்டு வைக்க யாருக்காவது கொடுத்துவிடலாம் என்றான். முப்பது பேர் சிரித்தார்கள். வசந்தும் சிரித்தார். ரேணுகாவுக்குச் சுருக்கென்று தைத்தது அதுதான். முந்தின நாள் மேகம் குப்பத்தின் தலைக்கு மேலேயே போய்க் கடலுக்குள் கொட்டியதை எல்லாரும் ரேடாரில் பார்த்திருந்தார்கள். தாமதத்துக்கு மன்னிக்கவும் என்று எழுதி, கீழே 168 என்று போட்டாள்.

பிறகு வந்த புகழைக் கேட்கவேண்டாம். ஒரு நாளிதழில் அவள் பெயரோடு நாலு வரி வந்தது. மாரி அதை வெட்டிச் சுவரில் ஒட்டிவைத்தான். அன்று சாயங்காலம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதுதான் அவள் கணக்குப் போட்டுப் பார்த்தாள். 23.6க்கே பாய் மிதந்தது, இது அதைப்போல ஏழு மடங்கு. கட்டடத்துக்கு இருப்பது ஒரே கதவு, ஜன்னலெல்லாம் கம்பி. ஒன்பதாம் நாள் புதன்கிழமை. பிள்ளைகள் உள்ளே இருக்கும் நாள்.

நான் எழுதியது பொய் என்று குழுவில் ஒரு வரி போட்டுப் பார்த்திருக்கலாம். போட்டால் ஏழு வருஷம் அழிந்துபோகும். இரண்டு புயல்களில் அவள் நனைந்து நனைந்து மாடி ஏறி அளந்த எண்களெல்லாம் போய்விடும். பன்னிரண்டாவதோடு நின்றுபோன குப்பத்துப் பெண்ணை ஒரு கல்லூரி வாத்தியார் நம்ம கடற்கரை நிலையம் என்று கூப்பிடுவதும் போய்விடும். அவளுக்கென்று இருந்தது அதுதான். எட்டு நாளும் அந்த வரியை எழுதி எழுதி அழித்தாள். மையத்துக்கு லீவு விடலாமென்றால் மேலதிகாரிகளுக்கு என்ன காரணம் சொல்வது என்று அதையும் விட்டாள்.

கடைசியில் அவளுக்கு ஒரு யோசனை வந்தது. மழை மழைமானியைத்தானே தேடி வருகிறது, அதை அப்புறப்படுத்திவிட்டால் ஆயிற்று. புதன் காலை மழைமானியைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டாள். உதவியாளர் யோகேஸ்வரியிடம் பிள்ளைகளை விட்டுவிட்டு, ஒரு கிலோமீட்டர் தள்ளியிருந்த சவுக்குத் தோப்புக்குப் போய் மணலில் அதை நட்டு எதிரே உட்கார்ந்துகொண்டாள். பதினொன்று ஆனது, பதினொன்றரை ஆனது. தலைக்கு மேல் வானம் வெளிறிக் கிடந்தது. தப்பித்துவிட்டோம் என்று அவள் நினைக்கத் தொடங்கியபோது யோகேஸ்வரி போன் செய்தாள்.

அங்கன்வாடிக்கு மேலே மட்டும் இருட்டிக்கொண்டு வந்து கொட்டுகிறதாம். தண்ணீர் முழங்காலைத் தாண்டிவிட்டதாம். பிள்ளைகளை வெளியே கொண்டுபோ என்று ரேணுகா பதறினாள். கதவு திறக்கமாட்டேன் என்கிறது, வெளியே தண்ணீர் அதற்கு மேல் நிற்கிறது என்றாள் யோகேஸ்வரி. சின்னதுகளை மேசைமேல் ஏற்றியிருக்கிறாளாம். அப்புறம் அவள் குரல் தணிந்தது.

“டீச்சர், புள்ளைங்க எல்லாம் சேந்து எண்ணிகினு கீதுங்க. அம்பத்தேழு, அம்பத்தெட்டுன்னு. இருவதுக்கு மேல நாம சொல்லியே தரலியே.”

ரேணுகாவுக்கும் கேட்டது. பத்தொன்பது பிஞ்சுக் குரல்கள், வாய்ப்பாடு ஒப்பிக்கிற ராகத்தில், மேலே மேலே போய்க்கொண்டிருந்தன. நூற்று அறுபத்தெட்டு வரைக்கும் அவை போகும் என்று அவளுக்குத் தெரியும். போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் குழுவைத் திறந்தாள். 168 பொய், ஒரு துளிகூடப் பெய்யவில்லை, போன வருஷத்து 9.4, 23.6 இரண்டும் பொய், பொய்யாக எழுதினால் ஒன்பதாம் நாள் அது வந்துவிடுகிறது, வேறு யாராவது எழுதியிருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள் என்று, எழுத்துப் பிழையோடு பிழையாக அடித்து அனுப்பினாள்.

எண்பத்துமூன்றில் குரல்கள் நின்றன. பிறகு ஒரு பிள்ளை அழுதது, அதைப் பார்த்து இன்னொன்று, அப்புறம் பத்தொன்பதும் வீறிட்டு அழுதன. மழை விட்டுவிட்டது, கதவு திறந்துவிட்டது என்று யோகேஸ்வரி மூச்சிரைக்கச் சொன்னாள். ரேணுகா அந்த அழுகைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே தானும் அழுதாள். பிள்ளைகள் அழுவதைக் கேட்டு வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதி அவளுக்கு வந்ததில்லை.

வசந்த் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நாலே நிமிஷத்தில் அவளைக் குழுவிலிருந்து நீக்கிவிட்டார். ஏழு வருஷமும் அதோடு போயிற்று. வலிக்கத்தான் செய்தது, ஆனாலும் போனால் போகட்டும் என்றிருந்தது. முகத்தைத் துடைத்துக்கொண்டு கிளம்பினபோது கார்த்தி கூப்பிட்டான். கேலி செய்யத்தான் கூப்பிடுகிறான் என்று நினைத்தாள். அவன் கம்பெனிக்குள் எங்கேயோ ஒதுங்கி நின்று ரகசியக் குரலில் பேசினான்.

“அக்கா, என்னோட நூத்தி முப்பத்தொண்ணும் பொய்தான். அன்னிக்கு நாலு மில்லிதான் பேஞ்சிது. ஒம்போதாவது நாளுன்னா... இன்னிக்கா?”

வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டாள். மனைவி வச்சலாவும் இரண்டு மாசக் குழந்தையும் மட்டும்தான் என்றான். ஏரிக்கரைக்குக் கீழே, பள்ளத்தில் வீடு. அவன் கம்பெனியிலிருந்து போய்ச் சேர ஒரு மணி நேரமாவது ஆகும்.

“குரூப்ல எழுது கார்த்தி. வேற ஒண்ணும் பண்ணாத, மொதல்ல எழுது.”

“எழுதினா என்னியும் தூக்கிடுவாரு அக்கா.”

எட்டு நாள் அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட அதே வார்த்தை. தூக்கட்டும்டா என்று கத்தினாள். அங்கே வெயில் அடிக்கிறதா என்று வீட்டில் ஒரு வாட்டி கேட்டுவிட்டு எழுதுகிறேன் என்றான். கேட்காதே, முதலில் எழுது என்று அவள் சொல்வதற்குள் வச்சலாவையும் அதே அழைப்பில் சேர்த்துவிட்டான்.

வச்சலாவின் குரல் தூக்கக் கலக்கத்தில் இருந்தது.

“நானே கூப்படலாம்னு இருந்தேன். நம்ம வூட்டு மேல மட்டும் இருட்டிகினு கீதுங்க.”

கார்த்தி, எழுதறேன் அக்கா, எழுதறேன் என்றான். அழைப்பு அறுந்துபோனது.

ரேணுகா திரும்ப அடித்தாள். அவன் எடுக்கவில்லை. வசந்துக்கு அடித்தாள், அவரும் எடுக்கவில்லை. வச்சலாவின் எண் அவளிடம் இல்லை. குழுவைத் திறந்தாள். கடைசியாக அவள் எழுதிய வாக்குமூலம் இருந்தது. அதற்குக் கீழே அவள் நீக்கப்பட்டாள் என்ற வரி இருந்தது. அதற்குக் கீழே கார்த்தி எழுதினானா இல்லையா என்பது உள்ளே இருப்பவர்களுக்குத்தான் தெரியும்.