மெஷின் நடந்த நடை

அவனுக்கு வீட்டார் வைத்த பட்டப்பெயர் பதட்டம். வயது இருபத்து நான்கு. பிழைக்க வந்த ஊரில் அன்று காலை அவன் நின்ற இடம் ஆஸ்பத்திரியின் நடைப்பயிற்சி அறை. கையில் போன். போனுக்குள் கடல் தாண்டி இருக்கிற குடும்பம் மொத்தமும்.

எதிரே மாமா தொங்கிக்கொண்டிருந்தார். கூரையிலிருந்து இறங்கிய பட்டைகள் உடம்பைத் தூக்கிப் பிடித்திருந்தன. ரோபோவின் இரும்புக் கால்களோடு அவர் கால்களைக் கட்டியிருந்தார்கள். காலுக்குக் கீழே நடைமெஷினின் பெல்ட் ஓடியது. பக்கவாதம் இடது காலைத்தான் சாய்த்தது. வாய்க்கு ஒரு கீறல்கூட இல்லை.

கட்டட மேஸ்திரியாகவே தலை நரைத்தவர். மேஸ்திரி மண்வெட்டியைத் தொட்டால் கூலியாள் மதிக்க மாட்டான் என்பது அவர் கொள்கை. இந்த ரோபோவையும் கூலிக்கு வந்த ஆளாகத்தான் சேர்த்துக்கொண்டார். அது காலைத் தூக்கியது, வைத்தது. மாமா மேற்பார்வை பார்த்தார்.

"ராஜநடைடா!" என்றார் போனில் மாமாவின் அண்ணன், பெரிய மாமா. "எனக்கே இப்படி வராது."

"கண்ணு பட்டுரப் போகுது" என்று மாமாவின் மனைவி, அத்தை, போனில் புருஷனைப் பார்த்து மூக்கைச் சிந்தினாள்.

பயிற்சி தரும் பிசியோ பெண் மட்டும் பக்கத்துத் திரையைப் பார்த்து உதட்டைச் சுழித்தாள். "ஐயா, நீங்க நடக்கல. மெஷின் நடக்குது, நீங்க கூடப் போறீங்க."

"அதுக்குத்தானேம்மா அதை வச்சிருக்கீங்க? நடக்கட்டும்."

"வெள்ளிக்கிழமை பரீட்சையில மெஷின் கிடையாது. கைப்பிடியைப் பிடிச்சு படியேறிக் காட்டினாத்தான் வீட்டுக்கு விடுவாங்க. இல்லன்னா பராமரிப்பு இல்லம்."

பதட்டமும் மாமாவும் இருந்தது மாடி வீடு, லிப்ட் இல்லை. அவன் இந்த ஊரில் வந்து இறங்கின நாள் முதல் தன் அறையில் பாதியைக் கொடுத்த மனிதரைப் பராமரிப்பு இல்லத்தில் விட்டுவிட்டு, மீதிப் பாதியில் தான் எப்படித் தூங்குவது?

பிசியோ பெண் ஒரு பொத்தானை அழுத்தி ரோபோவின் உதவியைக் குறைத்தாள். பட்டையையும் தளர்த்தினாள்.

ராஜநடை அந்த நொடியே ராஜினாமா செய்தது. இடது கால் பெல்ட்டில் இழுபட்டது. முழங்கால் மடங்கியது. மாமா நெளிந்தார், வேர்த்தார், நாக்கைக் கடித்தார்.

"ஐயையோ! நல்லா நடந்துட்டிருந்த மனுஷனை இப்படிக் கெடுத்துட்டாளே!" என்று அலறினாள் அத்தை.

"டேய் பதட்டம், பழையபடி போடச் சொல்லுடா!" என்றார் பெரிய மாமா. "நீ நேத்து அனுப்பின வீடியோவை சம்பந்தி வீடு வரைக்கும் அனுப்பியிருக்கேன், என் மானம் போகுது!"

தம்பியின் கால் போனது ஒரு பக்கம். அண்ணனின் மானம் அதைவிட அவசரம்.

மாமாவும் சேர்ந்துகொண்டார். "சொல்லேன்டா. வாயில என்ன கொழுக்கட்டையா?"

எதற்கும் 'சரி' சொல்லியே பழகிய வாய் திறந்தது. ஆனால் வந்தது வேறு. "மாமா, சைட்ல ஒருத்தன் வேலை செய்யாம சும்மா நின்னா என்ன பண்ணுவீங்க?"

"கழுத்தைப் பிடிச்சு வெளியே தள்ளுவேன்."

"உங்க இடது கால் வந்த நாள்ல இருந்து சும்மாதான் நிக்குது."

மாமா குனிந்து பார்த்தார். தன் காலைத்தான். ஆனால் பார்த்தது மேஸ்திரியின் பார்வை.

"டேய் சோம்பேறிப் பயலே! வேடிக்கை பார்க்கவா வந்தே? தூக்குடா!"

கால் எழும்பியது. சாக்கடையைத் தாண்டும் கோழி மாதிரி, கோணலாக, கொஞ்சமாக. திரையில் அவர் பங்கைக் காட்டும் கோடு மேலே ஏறியது.

"திட்டுங்க ஐயா, நிறுத்தாதீங்க!" என்றாள் பிசியோ பெண்.

போனில் அழுகையும் அதட்டலும் கூடின. பதட்டம் வாழ்க்கையில் முதல்முறையாகக் குடும்பத்தின் அழைப்பைத் துண்டித்தான்.

வெள்ளிக்கிழமை மாமா படியேறினார். நடுவில் உட்கார்ந்தார், கைப்பிடியைத் திட்டினார், படியைக் கட்டியவனின் பரம்பரையையே திட்டினார். மேலே போய்ச் சேர்ந்தார்.

அவர் தானாக ஏறியதைக் குடும்பம் நம்பவில்லை. மெஷினில் எடுத்த பழைய வீடியோவைப் பெரிய மாமா இன்னும் எல்லோருக்கும் அனுப்பிக்கொண்டிருந்தார். பதட்டம் போனை வாயருகே வைத்து, சொல்லச் சொல்ல எழுதும் பொத்தானை அழுத்தினான்:

"எல்லாருக்கும் சொல்றேன். மாமா வீட்டுக்கு வந்துட்டார். அசிங்கமாத்தான் நடக்கறார், ஆனா அவரே நடக்கறார். இனிமே வீடியோ கேக்காதீங்க. முன்னாடி அனுப்பினதையும் தயவுசெஞ்சு அழிச்சிருங்க. அதுல நடக்கறது மாமா இல்ல."