ஆற வச்சிக் குடிக்கிறேன்

பிளாஸ்க்கை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் தேவகி சமையலறையில் நின்றுகொண்டிருந்தாள். கூடத்தில் அவள் கணவர் ஜெகநாதனைக் கிடத்தியிருந்தார்கள். தலைமாட்டில் விளக்கு, கால்மாட்டில் நாத்தனார் மணியம்மை. விளக்கு சத்தமில்லாமல் எரிந்தது.

"ஆடு தின்ற எலயெல்லாம் வேக வச்சி ஊத்துனாளே! என் தம்பிய வாயில்லா ஜீவனா ஆக்குனாளே!"

ஒப்பாரிக்கு எதிர்ப்பேச்சு பேச முடியாது. அது மணியம்மைக்கு நன்றாகத் தெரியும்.

அந்த இலைத் தண்ணீர்தான் பிளாஸ்க்கில் இருந்தது. கொய்யா இலை, கொஞ்சம் முருங்கை, கொஞ்சம் துளசி. நிழலில் உலர்த்தி, கையால் நொறுக்கி, டப்பாவில் அடைத்து வைத்தது. ஜெகநாதனுக்குச் சர்க்கரை என்று தெரிந்ததிலிருந்து அவருக்கு டீ கிடையாது. விடிந்ததும் ஒரு கைப்பிடி இலையைத் தண்ணீரில் போட்டுப் பாதியாகச் சுண்ட விடுவாள். வடிகட்டமாட்டாள். சத்தெல்லாம் இலையில்தான் இருக்கிறது என்று போனில் ஒரு வைத்தியர் சொல்லியிருந்தார். அதை லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். லட்சம் பேர் பார்த்தது பொய்யாக இருக்குமா?

தேவகிக்குச் சர்க்கரை இல்லை. ஆகவே அவள் அதை ஒரு வாய்கூடக் குடித்ததில்லை. அவளுக்குப் பால் டீதான், சர்க்கரை தூக்கலாக.

ஜெகநாதன் திருப்பதி பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். "ஆற வச்சிக் குடிக்கிறேன்" என்று டம்ளரோடு தோட்டத்துப் பக்கம் போவார். காலி டம்ளரோடு வருவார். பிறகு ஸ்டேஷன் வரைக்கும் ஒரு நடை. சர்க்கரை இறங்கியது. டாக்டரே மெச்சினார். தேவகிக்குத் தலைகால் புரியவில்லை. தெருவில் பாதி வீடுகளுக்கு அவள் இலைதான் போயிற்று.

இன்று காலை பிளாஸ்க்கில் ஊற்றி மூடிவிட்டு எழுப்பப் போனபோது அவர் எழவில்லை. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். இலைதான் நிறுத்தியது என்றாள் மணியம்மை. டாக்டர் ஒரு தடவைதான் சொன்னார். மணியம்மை மாலை போட வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னாள். பக்கத்து வீட்டுக்காரி, தேவகி கொடுத்த இலை டப்பாவை ஓசைப்படாமல் வாசற்படியில் வைத்துவிட்டுப் போயிருந்தாள்.

"அத்தய கண்டுக்காதம்மா. காரியம் முடியட்டும்," என்றான் மகன் எழிலன்.

"முடிஞ்சா நான் கொலகாரிதான்டா. உங்க நைனாவே எழுந்து வந்து இல்லன்னு சொன்னாத்தான் உண்டு."

நைனா எழவில்லை. ஹேமநாதன் வந்தான்.

ஸ்டேஷன் பக்கம் டீக்கடை வைத்திருப்பவன். சாவு வீட்டில் அடுப்பு பற்ற வைக்கக்கூடாதே என்று பெரிய கேனில் டீ கொண்டுவந்திருந்தான். யாருக்கும் கொடுப்பதற்கு முன்னால், பையிலிருந்து ஒரு கண்ணாடி கிளாஸை எடுத்தான். நிறைய ஊற்றி, விளக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிட்டான்.

"அண்ணனோட கிளாஸ்ங்க இது. வேற யாருக்கும் இதுல ஊத்துனதில்ல."

ஒப்பாரி பாதியில் நின்றது. "இன்னாபா சொல்ற? என் தம்பி டீய உட்டு எம்மா நாளாச்சி!"

"எங்கங்க உட்டாரு? டெய்லி வந்துகினுதான் இருந்தாரு. நேத்துகூட ரெண்டு டீ, ஒரு மசால்வடை."

"அப்ப எல தண்ணி?"

தேவகி கதவோரம் நிற்பதை ஹேமநாதன் அப்போதுதான் பார்த்தான். "அது... எனக்குத் தெரியாதுங்க. நான் டீ மாஸ்டரு."

யாரோ சிரித்து, அதை இருமலாக மாற்றினார்கள்.

கொலைகாரி என்கிற பெயர் அந்த நிமிடமே போய்விட்டது. ஏமாளி என்கிற பெயர் வந்துவிட்டது. முதல் பெயரில் கொஞ்சம் மரியாதையாவது இருந்தது.

தேவகி தோட்டத்துப் பக்கம் போனாள். வாழைமரத்தின் அடியில் சருகை விலக்கினாள். ஊறிக் கறுத்த கொய்யா இலை, அதன் கீழே அதைவிடப் பழைய இலை, அதற்கும் கீழே இலையா மண்ணா என்று தெரியாதது. தெருவிலேயே சர்க்கரை வராத வாழை அதுவாகத்தான் இருக்கும். போன தையில் அது போட்ட குலையைக் காட்டி, "பாருங்க, என் கைராசி" என்று அவரிடமே பெருமையடித்தாள். "ஆங், உன் கைதான்" என்றார். சிரிக்காமல் சொன்னார். அதை நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. விடியுமுன் எழுந்து இலை பறித்தவள் அவள். பூச்சி அரித்ததை ஒவ்வொன்றாகத் தள்ளியவள் அவள். வாழைக்குப் போவதென்று தெரிந்திருந்தால் பூச்சியோடே போட்டிருப்பாள். நாலு கேள்வி கேட்கலாமென்றால், ஆள் கால் கட்டைவிரல்களைக் கட்டிக்கொண்டு மாலைக்குள் படுத்திருக்கிறார்.

ஹேமநாதன் பின்னாலேயே வந்து நின்றான். "கோச்சிக்காதீங்க அண்ணி. ஒண்ணு மட்டும் சொல்லிட்றேன். சக்கர மட்டும் போட உடமாட்டாரு. 'அது ஒண்ணாவது அவளுக்கு நெசமா இருந்துட்டுப் போவட்டும்டா'ம்பாரு."

"வடை?"

"வடையில சக்கர இல்லீங்களே."

"போய் கேனப் பாரு."

மதியத்துக்குள் பாடை தயாராகிவிட்டது. வாய்க்கரிசி போட ஒவ்வொருவராக வந்தார்கள். மணியம்மை போட்டுவிட்டு அழுதாள். இப்போது இலையைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கடைசியாகத் தேவகியைக் கூப்பிட்டார்கள். அரிசியைப் போட்டாள். பிறகு முந்தானைக்குள்ளிருந்து பிளாஸ்க்கை எடுத்தாள்.

"ஏமே, இன்னா பண்ற நீ?" என்றாள் மணியம்மை.

"தெனம் காலைல குடுக்கிறதுதான் அண்ணி. இன்னிக்கு லேட்டாயிடுச்சி."

யாருக்கும் தடுக்கத் தோன்றவில்லை. மூடியில் ஊற்றினாள். இன்னும் ஆவி வந்தது, நல்ல பிளாஸ்க். குனிந்து அவர் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"இப்ப எங்க போயி கொட்டுவ?"

மூடி முழுவதையும் உதடுகளுக்கிடையில் சாய்த்தாள். அரிசியை நனைத்துக்கொண்டு கடைவாய் வழியாக வழிந்து, தாடையைக் கட்டியிருந்த வெள்ளைத்துணி பழுப்பானது. ஜெகநாதன் மறுக்கவில்லை. இத்தனை வருடத்தில் இப்போதுதான் ஆற வைக்கவேண்டும் என்று சொல்லவில்லை. தேவகி நிமிர்ந்து கூட்டத்தை ஒருமுறை பார்த்தாள், தேர்தலில் ஜெயித்தவளைப் போல.

மறுபடி குனிந்தபோது, மோவாயில் ஒரு துணுக்கு இலை ஒட்டியிருந்தது. நகத்தால் எடுத்தாள். அது போன பிறகும் அந்த இடத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். எழிலன் வந்து தோளைப் பிடித்துத் தூக்கவேண்டியிருந்தது.

ஆண்கள் சுடுகாட்டுக்குப் போய்விட்டுத் திரும்பியபோது வீடு கழுவிக் காய்ந்திருந்தது. மணியம்மை தொண்டை கட்டிப்போய்ச் சுவரோரம் சாய்ந்திருந்தாள். பக்கத்து வீட்டுக்காரி வாசற்படியில் வைத்த இலை டப்பாவைத் திரும்ப எடுத்துப் போயிருந்தாள்.

விளக்குப் பக்கத்தில் ஹேமநாதனின் கிளாஸ் அப்படியே இருந்தது. டீயின் மேல் ஏடு படர்ந்திருந்தது. தேவகி அதை எடுத்துப் போய்க் கழுவினாள். பிளாஸ்க்கில் மிச்சமிருந்ததை அதில் ஊற்றிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போனாள்.

வாழைமரத்தின் அருகில் நின்று, முதல் முறையாக ஒரு வாய் குடித்தாள்.

விழுங்கக் கொஞ்ச நேரம் ஆனது. நாக்கில் ஒட்டிய இலையைத் துப்பினாள். கிளாஸை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இன்னொரு வாய்க்கு உதடு வரை கொண்டுபோய், நிறுத்தினாள்.

"அம்மா," உள்ளேயிருந்து எழிலன் கூப்பிட்டான். "அங்க இன்னா பண்ணிகினு இருக்க? வந்து ஏதாவது சாப்புடு."

தேவகி வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். யாரும் வரவில்லை.

"ஆற வச்சிக் குடிக்கிறேன்டா," என்று சொல்லிவிட்டு, கிளாஸை வாழையடியில் மெல்லச் சாய்த்தாள். சத்தம் வராமல் எப்படிச் சாய்ப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.