குட்டிக்குச் சீம்பால்

போன ஈற்றில் செத்த பன்றிக்குட்டிகளில் ஒன்றுக்குக்கூடக் காய்ச்சல் இல்லை. அதுதான் என் மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது.

பன்றிக்கு உடம்பு சரியில்லை என்றால் நான் முதலில் காதைத்தான் தொட்டுப் பார்ப்பேன். அந்த ஈற்றில் இரண்டு குட்டிகளுக்குக் காது கொதித்தது. அதுகள் போய்விடும் என்று கையைக் கழுவிவிட்டேன். மற்றதுகளுக்குக் காது குளுகுளுவென்று இருந்தது. பொகவந்தலாவை மலைக் குளிர் யாரைத்தான் விட்டது என்று சாக்குப் போட்டு மூடினேன், பல்பு எரியவிட்டேன். கடைசியில் பார்த்தால் கொதித்த இரண்டும் எழுந்து ஓடின, குளிர்ந்ததெல்லாம் செத்துப்போயின. இது என்ன நியாயம்?

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. ஏன் என்று தெரியாவிட்டால் சோறு இறங்காது. என் வீட்டுக்காரர் சுதாகரன் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை செய்கிறார். போனில் புலம்பினேன். "செத்தது செத்துப்போச்சு பிரேமினி, அத ஏன் நோண்டுற?" என்றார். நோண்டாமல் விட்டால் அடுத்த ஈற்றிலும் இதே கதைதானே. தொழுவத்துக்குப் பின்னால் மறுபடியும் குழி தோண்ட எனக்குத் தெம்பில்லை. அதனால் மிருக வைத்தியர் மதுரன் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பக்கம் வந்தபோது மறித்துப் பிடித்துக்கொண்டேன்.

அவர் வவுனியாப் பிள்ளை. எங்கள் பக்கம் வந்து ஒரு வருடம்தான் ஆகிறது. அவர் தமிழைப் பிடிக்க எனக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

"தொப்புள் வழியாக் கிருமி இரத்தத்துக்குள்ள போயிட்டுது அக்கா," என்றார்.

"கிருமி ரத்தத்துல ஏறுனா காய்ச்சல் வரணுமே டொக்டர். உடம்பே சுடலையே?"

"காய்ச்சல் கிருமி செய்யிற வேலையில்லை. எங்கட உடம்பு செய்யிற வேலை. கிருமியோட சண்டை பிடிக்கேக்க உடம்பு சூடாகும். உங்கட குட்டியளிட்ட சண்டை பிடிக்கவே ஒண்டும் இருந்திராது."

"ஏன் இல்ல?"

அவர் சிரித்தார். ஏன் என்று திருப்பிக் கேட்கிறவர்களை அவருக்குப் பிடிக்கும் போல. "மனுசப் பிள்ளைக்குத் தாய் வயித்துக்குள்ளயே கொஞ்சம் எதிர்ப்புச் சக்தி குடுத்துவிடுவா. பண்டிக்குட்டி வெறுங்கையோடதான் வரும். எல்லாம் கடும்புப் பாலிலதான் கிடைக்கும்."

"அது என்னங்க பால்?"

"ஈண்ட உடனே வாற முதல் பால்."

"சீம்பால்னு சொல்லுங்க."

"சரி, சீம்பால். பிறந்த குட்டியின்ர குடலில ஒரு கதவு திறந்திருக்கும் எண்டு வையுங்கோவன். அந்தப் பாலில இருக்கிற சாமான் அதுக்குள்ளாலதான் இரத்தத்துக்குப் போகும். ஒரு நாளுக்குள்ள கதவு மூடிடும். பிறகு வாளி வாளியாக் குடுத்தாலும் வயிறுதான் நிறையும்."

அவர் போன பிறகும் அந்தக் கதவு என் தலைக்குள் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. போன ஈற்றில் தாய்க்குப் பால் சுரக்கவே இரண்டு நாள் ஆனது. முதலில் கசிந்த சொட்டு காது கொதித்த அந்த இரண்டுக்கும்தான் கிடைத்திருக்கும். வெறுங்கையோடு வந்ததுகளை வாசலிலேயே நிற்க வைத்து நான் சாக்குப் போட்டிருக்கிறேன்.

இந்த ஈற்று விடியற்காலையில் நடந்தது. எங்கள் பன்றிக்கு மகாராணி என்று பெயர் வைத்தது நான்தான், அவள் நடத்தை அப்படி. ஈன்று முடித்ததும் வயிற்றை நிலத்தில் அமுக்கிக் குப்புறப் படுத்துவிட்டாள். மடி கல்லாக இருந்தது, தொட்டால் உறுமினாள், காம்பில் சொட்டு இல்லை. குட்டிகள் அவள் முதுகில் ஏறி விழுந்துகொண்டிருந்தன. டொக்டருக்குப் போன் போட்டேன்.

"நான் நோர்வூட்டில நிக்கிறன், பின்னேரம்தான் வரலாம். தாய்க்கு ஊசி போட்டாப் பால் வரும். ஆனா அதுவரைக்கும் குட்டியளை விடாதேங்கோ. மாட்டுச் சீம்பால் கிடைச்சாலும் பரவாயில்லை, உதவும். காய்ச்ச வேண்டாம். காய்ச்சினா அதில உள்ளது செத்துப்போயிடும்."

சினை மாடு பஜாரில் ஒரே ஒரு வீட்டில்தான் இருந்தது, சரிபுதீன் நானா வீட்டில். முன்னால் மளிகைக் கடை, பின்னால் வீடு, அதற்கும் பின்னால் மாடு. அவர் மனைவி உம்மு குல்சுமை நான் ராத்தா என்றுதான் கூப்பிடுவேன், அவர்கள் ஆட்களில் அக்காவுக்கு அதுதான் பேச்சு. முந்தின நாள் சாமான் வாங்கப் போனபோது மாடு இன்றைக்கோ நாளைக்கோ என்று நின்றது. காலையில் தோட்டத்து வேலைக்குப் பேர் கொடுக்கும் பெரட்டுக்குப் போகாமல் பஜாருக்கு ஓடினேன்.

"ராத்தா, மாடு கன்னு போட்டுருச்சா?"

"விடியக்காலையில போட்டுச்சு புள்ள. கிடேரி. என்னா இப்புடி மூச்சு வாங்குற?"

"கொஞ்சம் சீம்பால் வேணுங்க. குட்டிக்கு."

"குட்டிக்கா? ஒக்காரு, ஒக்காரு."

என் மகளின் பெயர் வினோதா. ஆனால் அந்தப் பெயர் பள்ளிக்கூடத்துக்கு மட்டும்தான். லயத்திலும் பஜாரிலும் அவள் குட்டி. ராத்தா யாரை நினைத்தார் என்பது எனக்கு அந்த நொடியே புரிந்தது. நான் பொய் சொல்லவில்லை, வாயை மூடிக்கொண்டேன், அவ்வளவுதான். முஸ்லிம் வீட்டு அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு பன்றி என்ற சொல்லை எப்படி எடுப்பது? பாலை வாங்கிக்கொண்டு ஓடிவிடலாம் என்று நினைத்தேன்.

அப்போதுதான் அடுப்புப் பற்றவைக்கும் சத்தம் கேட்டது. ராத்தா பால் சட்டியை ஏற்றிவிட்டு, சீனி டப்பாவுக்குக் கை நீட்டினார். பக்கத்தில் ஏலக்காய் தட்டித் தயாராக இருந்தது. சீம்பால் என்றால் காய்ச்சித் திரட்டிச் சாப்பிடுவதுதானே, வேறு எதற்கு?

"ராத்தா, அடுப்புல வைக்காதீங்க. பச்சையா வேணும்."

"பச்சையாவா? புள்ளைக்கு வயித்தால போகும். யாரு சொன்னா?"

"டொக்டர் சொன்னாரு."

"எந்த டொக்டர் அப்புடிச் சொல்வாரு? பேரைச் சொல்லு, நான் கேக்குறேன்."

சட்டியின் ஓரத்தில் பால் மெல்ல அசைய ஆரம்பித்தது. பொய்யாக ஒரு பெயர் சொல்லலாம். ராத்தா நம்பமாட்டார், அதற்குள் பாலும் கொதித்துவிடும். கடையில் நானா யாருக்கோ பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தார். குரலைத் தாழ்த்திச் சொன்னேன்.

"மாட்டு டொக்டர். குட்டின்னா எங்க குட்டி இல்லங்க ராத்தா. பன்னிக்குட்டி."

சீனி டப்பாவின் மூடியில் அவர் கை அப்படியே நின்றது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். மகாராணியின் மடி, குளிர்ந்த காது, வராமல்போன காய்ச்சல், வெறுங்கை, இரத்தத்தில் ஏறிய கிருமி, மூடப்போகும் கதவு. ஒன்றுக்குப் பின் ஒன்றாக இல்லாமல் கலந்து வந்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது.

ராத்தா பன்றியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுப்பை அணைத்தார்.

"அந்தக் கதவு மாட்டுக் கன்னுக்கும் இருக்கா?"

எனக்குத் தெரியவில்லை. தெரியாததை அப்படியே விட்டுவிட்டு என்னால் இருக்கவும் முடியாது. டொக்டருக்குப் போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். "மாடு, ஆடு, பண்டி எல்லாம் ஒண்டுதான் அக்கா. வெறுங்கையோடதான் வரும்," என்றது போன்.

பின்வாசல் வழியாகக் கன்று தெரிந்தது. தாய்க்கு எட்டாத தூரத்தில் கட்டியிருந்தது.

"போன வருசக் கன்னு உனக்கு ஞாபகமிருக்கா புள்ள? முட்டியெல்லாம் வீங்கி, எந்திரிக்க ஏலாமக் கெடந்து மௌத்தாச்சு," என்றார் ராத்தா. "கழியும்னு சொல்லி நாங்க கன்னுக்குச் சீம்பால் குடுக்குறதே இல்ல. பூராவும் கறந்து, காய்ச்சி, வீடு வீடாப் பங்கு வச்சிட்டுத்தான் அவுத்து விடுவோம். ஒன் வீட்டுக்கும்தானே அனுப்புனேன்."

அனுப்பினார்தான். குட்டியும் நானும் கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டோம். ஏலக்காய் வாசம்கூட நினைவிருக்கிறது.

ராத்தா போய்க் கன்றை அவிழ்த்தார். அது தட்டுத் தடுமாறி மடியைப் பிடித்தது. மடியில் மிச்சமிருப்பது போதாவிட்டால் சட்டியில் இருப்பதும் கன்றுக்குத்தான் என்று சொல்லிவிட்டார். என்னால் மறுபேச்சுப் பேச முடியுமா? அங்கே என் குட்டிகள் காலியான காம்பைச் சப்பிக்கொண்டிருக்கும். இங்கே நான் ஒரு கன்று வயிறு நிறையக் குடிக்க வேண்டுமே என்று வேண்டிக்கொண்டு நின்றேன்.

அது போதும் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டது. ராத்தா சட்டியைத் தொட்டுப் பார்த்தார். இளஞ்சூடுதான். ஒரு காலிச் சோடாப் போத்தலில் ஊற்றி இறுக மூடினார்.

"போத்தலத் திருப்பிக் கொண்டாராத புள்ள."

"இல்லங்க ராத்தா."

"நானாக்கு நான் சொல்லிக்கிறேன். வாயில்லாத சீவன்தானே. ஓடு, கதவு மூடிரப் போவுது."

ஊசி இல்லாத சிரிஞ்சால் குட்டி குட்டியாகப் பிடித்து ஊட்டினேன். பாதி உள்ளே போனது, பாதி என் மடியில் போனது. பின்னேரம் டொக்டர் வந்து ஊசி போட்டதும் மகாராணி மனமிரங்கிப் புரண்டு படுத்தாள். மிகச் சிறிய குட்டி மட்டும் அன்றைக்கே போய்விட்டது. அதற்கு உறிஞ்சவே தெம்பில்லை.

அந்த வாரம் போவதற்குள் நான் பயந்தது வந்தது. வெள்ளைப் புள்ளிக்குட்டி பால் குடிக்காமல் மூலையில் ஒதுங்கி நின்றது. தொப்புள் சிவந்து வீங்கியிருந்தது. போன தடவையும் இப்படித்தான் ஆரம்பித்தது. கையை நீட்டிவிட்டேன், காதைத் தொடத்தான் பயமாக இருந்தது. கண்ணை மூடிக்கொண்டு தொட்டேன்.

கொதித்தது.

தொழுவத்தில் தனியாக நின்று சிரித்தேன். யாராவது பார்த்திருந்தால் எனக்குத்தான் மந்திரித்திருப்பார்கள். டொக்டரைக் கூப்பிட்டேன். மருந்தோடு உடனே வருவதாகவும், சண்டை பிடிக்கிற உடம்புக்கு மருந்தும் சேர்ந்தால் நல்லதுதான் என்றும் சொன்னார். அடுத்ததாக ராத்தாவுக்குப் போன் போட்டேன்.

"ராத்தா, குட்டிக்குக் காய்ச்சல்."

அந்தப் பக்கம் தூரத்தில் கன்று கத்துவது கேட்டது.

"எந்தக் குட்டிக்கு?"

"இங்க உள்ள குட்டிக்குத்தாங்க. நீங்க பால் குடுத்ததுக்கு."

"நல்லாச் சுடுதா?"

"கை வைக்க முடியலங்க ராத்தா."

"அல்ஹம்துலில்லாஹ்," என்றார்.