பெண்கள் பக்கம் ஆறாயிரத்து ஐநூறு

ஞானஜோதிக்குப் பொருள் தேவையில்லை. பொருள் வந்துகொண்டிருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் நோய். போனில் பணம் போய்ச் சேர்ந்துவிட்டதாகப் பச்சை டிக் விழுந்த நிமிடத்திலிருந்து, பார்சல்காரன் வண்டி வாசலில் நிற்கும் வரை அவள் நல்ல மனுஷி. நன்றாகத் தூங்குவாள். கணவனிடம் சிரித்துப் பேசுவாள். ராஜகீழ்ப்பாக்கம் ஸ்கேன் சென்டரின் பில்லிங் கவுண்டரில் யார்மீதும் எரிந்து விழமாட்டாள். பெட்டி கைக்கு வந்துவிட்டால் தீர்ந்தது. பாதியைப் பிரிப்பதுகூட இல்லை.

மூன்று வருடம் இப்படி ஓடியதில் இரண்டு கிரெடிட் கார்டுகளும் நிரம்பி ஒரு லட்சத்து நாற்பதாயிரம் பாக்கி நின்றது. கணவன் தனசிங்குக்கு இது தெரியாது. அவன் தாம்பரம் மெப்ஸ் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். கடன் என்றால் பயம். ஸ்கூட்டரைக்கூட ரொக்கம் சேர்த்து வாங்கியவன். அதற்காக இரண்டு வருடம் இரும்புலியூரிலிருந்து வேலைக்கு நடந்தே போனான்.

ஆகஸ்டில் வங்கிக்காரன் கூப்பிட்டது தனசிங்கை அல்ல, கோவிலம்பாக்கத்தில் இருக்கும் ஞானஜோதியின் அக்கா புஷ்பலதாவை. கார்டு வாங்கும்போது ஞானஜோதி அக்காவின் எண்ணைத்தான் கொடுத்திருந்தாள். புஷ்பலதா அரசுப் பள்ளி ஆசிரியை. அன்று மாலையே வந்து உட்கார்ந்தாள். தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

"எனக்கு நவம்பர்ல சீட்டுப் பணம் வருது. உன் கார்டு ரெண்டையும் நான் க்ளோஸ் பண்றேன். நீ மாசா மாசம் எனக்குக் குடு. ஆனா பணம் வர்ற வரைக்கும் ஒண்ணும் வாங்கக்கூடாது. அரிசி, பருப்பு, காய்கறி, மாத்திரை. அதுக்கு மேல ஒரு ஹேர்பின் வாங்கினாலும் ஒரு பைசா கிடையாது."

"அவர்கிட்ட சொல்லிடுவியாக்கா?"

"நான் எதுக்குடி சொல்லணும்? பணம் கட்டலன்னா பேங்க்காரனே வீட்டுக்கு வந்து சொல்லுவான்."

ஞானஜோதி வாக்கைக் காப்பாற்றினாள். இதைச் சொல்லியாக வேண்டும். போனிலிருந்த கடைகளையெல்லாம் அழித்தாள். முதல் வாரம் கட்டைவிரல் தானாகவே வெறும் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தது. இரண்டாவது வாரம் அடுத்த வீட்டுக்கு வந்த பார்சலை வாங்கி வைத்து, அதைக் கொஞ்ச நேரம் மடியில் வைத்துக்கொண்டிருந்துவிட்டுக் கொடுத்தாள். செப்டம்பர் போயிற்று. அக்டோபரும் போயிற்று. முகம் சுருங்கியது, இடுப்பும் சுருங்கியது, ஆனால் ஒரு ஹேர்பின்கூட வாங்கவில்லை.

திங்கட்கிழமை சீட்டுப் பணம் வருவதாக இருந்தது. அதற்கு முந்தைய வியாழன்தான் அங்காளம்மா மாடியேறி வந்தாள்.

அங்காளம்மா கீழ் வீட்டில் இட்லி மாவு அரைத்து விற்கிறவள். தனசிங்கின் கண்ணில் படக்கூடாத பார்சல்களையெல்லாம் வாங்கித் தன் பின்னறையில் அடுக்கிவைத்தது அவள்தான். பழைய பெட்டிகள் இன்னும் அங்கேதான் கிடந்தன.

"இந்தா ஜோதி, உன் சாமான்லாம் எப்போ எடுத்துக்கினு போவ? சனிக்கெழம என் மச்சினன் குடும்பத்தோட வந்துகினு கீறான். அவனை உன் பொட்டி மேலயா படுக்க வெக்கிறது?"

"ரெண்டு நாள் டைம் குடுக்கா."

"டைம் இன்னா நான் மாவு கணக்கா அரைச்சு வெச்சிக்கினா கீறேன்? எடுத்துக்கினு போ. இல்லாங்காட்டி உன் வூட்டுக்காரரைக் கூப்புட்டு மேல ஏத்திக்க சொல்றேன்." திரும்பியவள் நின்றாள். "ஆமா, அதுல இன்னாதான் கீது? தொறந்தாவது பாத்தியா?"

"சிலது பாத்தேன்."

"பேஜார் புடிச்சவடி நீ."

கடைக்குத் திருப்பி அனுப்பத் தேதி எப்போதோ முடிந்திருந்தது. வீட்டில் வைத்தால் தனசிங் பார்ப்பான். குப்பையில் போட மனம் வரவில்லை. யோசித்துப் பார்த்தபோது ஞாயிற்றுக்கிழமை அவர்களுடைய கிறிஸ்தவ சபையில் அறுப்பின் பண்டிகை என்பது நினைவுக்கு வந்தது.

அறுப்பின் பண்டிகைக்கு ஒரு காலத்தில் சபையார் விளைந்ததில் முதல் பங்கைக் கொண்டுவந்தார்கள். தாம்பரத்தைச் சுற்றி இப்போது வீட்டு மனைதான் விளைகிறது. அதனால் கையில் கிடைத்ததைக் கொண்டுவருகிறார்கள். பூசணிக்காய், கோழி, கேக், குக்கர். ஆராதனை முடிந்ததும் பந்தலில் ஏலம். பணம் சபைக்கு.

சனிக்கிழமை தனசிங் வேலைக்குப் போனதும் ஆட்டோ பிடித்து எல்லாப் பெட்டிகளையும் ஏற்றிக்கொண்டு போனாள். சபைக் கமிட்டியின் எலியேசர் பந்தக்கால் நட்டுக்கொண்டிருந்தார். வருடா வருடம் ஏலம் விடுகிறவர் அவர்தான்.

"எம்மா, இவ்ளோவா? கடையை இழுத்து மூடிட்டீங்களா?"

"காணிக்கைண்ணா. பேர் மட்டும் சொல்லாதீங்க."

"சொல்லல. இந்தச் சின்னப் பெட்டியில என்னம்மா? மேல ஒண்ணும் எழுதலையே."

ஞானஜோதி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். செங்கல் அளவு இருந்தது. கனம் இல்லை. ஆட்டினாள், சத்தம் வரவில்லை. என்ன வாங்கினோம், எப்போது வாங்கினோம் என்று ஒன்றும் நினைவில்லை. பிரித்துப் பார்த்திருக்கலாம். எலியேசர் பார்த்துக்கொண்டிருந்தார். வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

ஞாயிறு. ஆராதனை முடிந்து பந்தலில் கூட்டம் உட்கார்ந்தது. ஆண்கள் இடது பக்கம், பெண்கள் வலது பக்கம். நடுவில் வாழைத்தார்களும் கரும்புக் கட்டுகளும் சுவர்போல் நின்றதில் அந்தப் பக்கம் இந்தப் பக்கத்துக்குத் தெரியவில்லை. படிமேல் நின்ற எலியேசருக்கு மட்டும் எல்லாரும் தெரிந்தார்கள். புஷ்பலதா தங்கையை ஒட்டி உட்கார்ந்தாள்.

"உன்னை நம்பாம இல்ல. சும்மா உக்காந்திருக்கேன்" என்றாள்.

எலியேசர் மைக்கைத் தட்டினார். "கழிப்பறைக்குக் கூரை போடணும். அதை மனசுல வெச்சிக் கேளுங்க. பேர் சொன்னா போதும், பணம் மாசக் கடைசிக்குள்ள குடுக்கலாம். வட்டி கிடையாது."

இந்த மொழி ஞானஜோதிக்கு நன்றாகப் புரியும். முதுகு நிமிர்ந்தது. புஷ்பலதா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

எலுமிச்சம்பழம் ஒன்று ஐநூறுக்குப் போனது. சேவல் ஒன்று ஆயிரத்து எண்ணூறுக்குப் போய், வாங்கியவர் கையைக் கொத்திவிட்டுக் கரும்புக் கட்டுக்குள் புகுந்துகொண்டது. பிறகு பெட்டிகள் வந்தன. ரைஸ் குக்கர், தரையில் நிற்கும் உயர விளக்கு, கால் தேய்க்கும் மெஷின்.

"யாருடி இவ்ளோ கொண்டாந்து குடுத்தது?" என்றாள் புஷ்பலதா.

"யாரோ நல்லவங்க."

ஒவ்வொன்றும் போகும்போது ஞானஜோதிக்கு வலிக்கும் என்று அவளே நினைத்திருந்தாள். வலிக்கவில்லை. கால் மெஷினை ஒரு கிழவர் கட்டிப்பிடித்துக்கொண்டு போனதைப் பார்த்துச் சிரிப்புதான் வந்தது. நோய் போய்விட்டது என்றே நினைத்தாள். அப்போது எலியேசர் அந்தச் சின்னப் பெட்டியைத் தூக்கினார்.

"இது என்னன்னு எனக்கும் தெரியாது. குடுத்தவங்களுக்கும் தெரியாது. தங்கமா இருக்கலாம், தகரமா இருக்கலாம். பிரிக்காத பெட்டி. ஐநூறுல ஆரம்பிக்கிறேன்."

பிரிக்காத பெட்டி. ஞானஜோதியின் வாயில் எச்சில் ஊறியது.

"ஆண்கள் பக்கம் ஆயிரம்!" என்றார் எலியேசர்.

அவள் கை மேலே போனது. புஷ்பலதா பிடித்திருந்தது வலது கை. போனது இடது கை.

"பெண்கள் பக்கம் ஆயிரத்து ஐநூறு!"

"கையை இறக்குடி."

"காணிக்கைக்கா இது. வாங்கறது இல்ல."

"இறக்கு."

"ஆண்கள் பக்கம் ரெண்டாயிரம்!"

கரும்புக்கு அந்தப் பக்கம் யாரென்று தெரியவில்லை. யாராயிருந்தாலும் அவன்மீது அவளுக்கு வெறுப்பு வந்தது. தன் பெட்டியைப் பிரிக்கப் பார்க்கிறான். இரண்டு மாதமாகச் சுருங்கிக் கிடந்த ஏதோ ஒன்று எழுந்து நின்றது. மூவாயிரம், மூவாயிரத்து ஐநூறு. கூட்டம் திரும்பித் திரும்பிப் பார்த்தது. எலியேசர் ஒவ்வொரு முறையும் இடதுபுறம் பார்த்தார், வலதுபுறம் பார்த்தார், கர்ச்சீப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆயர் அவர் காதில் ஏதோ சொல்லப் போனார். எலியேசர் மைக்கை மூடிக்கொண்டு, "கூரை, ஐயா, கூரை" என்று சொன்னது முன்வரிசைக்குக் கேட்டது.

"ஆண்கள் பக்கம் ஆறாயிரம்!"

ஞானஜோதி எழுந்தே நின்றுவிட்டாள்.

"பெண்கள் பக்கம் ஆறாயிரத்து ஐநூறு! ஒரு தரம்... ரெண்டு தரம்... ஆண்கள் பக்கம் சத்தத்தையே காணோம்... மூணு தரம்!" அதற்குமேல் எலியேசரால் அடக்க முடியவில்லை. "ரெண்டு பக்கமும் ஒரே வீடுதாங்க. தனசிங் வீட்டுக்காரம்மாவுக்கு விட்டுக் குடுத்துட்டார்!"

பந்தலே சிரித்தது. வாழைத்தாருக்கு மேலே தனசிங்கின் தலை தெரிந்தது. அவனும் சிரித்தான், காது சிவக்க. புஷ்பலதா மட்டும் சிரிக்கவில்லை.

பெட்டியை வாங்க ஞானஜோதி மேசைக்குப் போனபோது அவளும் கூடவே வந்தாள். எலியேசர் பெட்டியைக் கொடுத்துவிட்டு அடுத்த கோழியைப் பார்க்கப் போனார்.

"காணிக்கைன்னு சொன்னியே" என்றாள் புஷ்பலதா, குரலை உயர்த்தாமல்.

"ஆமாக்கா. சபைக்குத்தானே போகுது? இதையெல்லாம் கணக்குல சேர்ப்பியா?"

"சேர்க்கல. பணத்தைக் குடுத்துடு. பெட்டியை மேசை மேலயே வெச்சிட்டு வா. வேற யாருக்காவது ஏலம் விடட்டும்."

அது நியாயமான பேச்சு. ஞானஜோதி பெட்டியைப் பார்த்தாள். மேசையைப் பார்த்தாள். கையை நீட்டினால் போதும். திங்கட்கிழமை பணம் வரும், கார்டு இரண்டும் முடியும், தனசிங்குக்கு எதுவும் தெரியாமலே போய்விடும். அவளுக்கு எல்லாம் தெரிந்தது. கைதான் நீளவில்லை. விரல்கள் பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த டேப்பின் நுனியைத் தேடிக்கொண்டிருந்தன.

புஷ்பலதா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டவில்லை.

"நாளைக்குப் பணம் வரும். உன் கையில தரமாட்டேன். தனசிங் வந்து கேட்டா அவர் கையில தர்றேன். என்னத்துக்குன்னு தெரிஞ்சுகிட்டு வந்து கேக்கணும்."

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.

தனசிங் ஸ்கூட்டரை எடுத்தான். ஞானஜோதி பெட்டியை மடியில் வைத்துக்கொண்டாள். தாம்பரம் தாண்டும் வரை அவன் முதுகு சிரிப்பில் குலுங்கிக்கொண்டே இருந்தது.

"நீதான் கேக்கறன்னு தெரிஞ்சிருந்தா ஆயிரத்துலயே நிறுத்தியிருப்பேன்."

"நீங்க எதுக்குக் கேட்டீங்க?"

"ரெண்டு மாசமா நீ ஒண்ணுமே வாங்கல. மூஞ்சி தொங்கிப் போச்சு. பெட்டி பிரிக்கிறதுன்னா உனக்குப் பிடிக்கும்ல, அதான். பாக்கெட்ல ஆறாயிரம்தான் இருந்துச்சு."

அவன் கையில் இருக்கும் பணத்துக்கு மேல் கேட்கவில்லை. இந்த உலகத்தில் அப்படியும் ஒருவன்.

"வண்டியை நிறுத்துங்க" என்றாள்.

ஜி.எஸ்.டி. ரோட்டோரம் மூடியிருந்த ஒரு டயர் கடை வாசலில் நிறுத்தினான். லாரிகள் போய்க்கொண்டிருந்தன. பாதி வார்த்தைகள் அந்தச் சத்தத்தில் போயின. மீதியைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. ஒரு லட்சத்து நாற்பதாயிரம் என்பதை மூன்று முறை சொன்னாள். மூன்றாவது முறை தனசிங் ஸ்டாண்டைப் போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்தான்.

"அந்தப் பெட்டிங்கல்லாம் நீ குடுத்ததா?"

"ஆமா."

"இதுவும்?"

"இதுவும்."

"அப்போ உன் பெட்டியையே நீ ரெண்டாவது தடவ வாங்கியிருக்க."

அவள் தலையாட்டினாள். திட்டுவான் என்று காத்திருந்தாள். திட்டினால் தேவலை என்றிருந்தது. அவன் போனை எடுத்து புஷ்பலதாவைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டான்.

"அக்கா, நான் தனசிங்."

"சொன்னாளா?"

"சொன்னா."

"முழுசா சொன்னாளா?"

தனசிங் மனைவியைப் பார்த்தான். ஒரு லாரி போயிற்று. இன்னொன்றும் போயிற்று.

"ஒரு லோன் ஆப்ல இன்னும் நாப்பதாயிரம் பாக்கி இருக்கு" என்றாள் ஞானஜோதி.

போனில் சத்தமே இல்லை. அக்காவுக்கும் அது புதுச் செய்தி.

"அக்கா, இருக்கீங்களா?" என்றான் தனசிங்.

"இருக்கேன். வேற ஏதாவது இருக்கான்னு கேளுங்க."

"இல்லக்கா. சத்தியமா இவ்ளோதான்" என்றாள்.

"நாளைக்கு சாயந்திரம் ரெண்டு பேரும் வாங்க. அவ போனையும் கார்டையும் நீங்க வாங்கிட்டு வாங்க. சாப்பிட்டுட்டு வாங்க, நான் ஒண்ணும் சமைக்கமாட்டேன்."

லைன் துண்டானது. தனசிங் அவளிடம் கையை நீட்டினான். அவள் பெட்டியை நீட்டினாள்.

"இது இல்ல. போன்" என்றான்.

போனைக் கொடுத்தாள். கைப்பையைத் துழாவிக் கார்டுகளையும் கொடுத்தாள். அவன் எல்லாவற்றையும் சட்டைப்பையில் போட்டுப் பட்டனைப் போட்டுக்கொண்டு ஸ்டாண்டை எடுத்தான்.

"ஏறு" என்றான். "எலியேசருக்கு ஆறாயிரம் நான் குடுத்துடறேன். மேல ஐநூறு நீ குடு."