பச்சைத் தண்ணி

ஜெபசீலன் அண்ணாச்சி கூலண்ட் என்று சொல்லி நான் கேட்டதில்லை. கன்டெய்னர் யார்டில் அவர் ஜெனரேட்டர் மெக்கானிக், நான் ஹெல்பர். ரேடியேட்டரில் ஊற்றும் அந்தப் பச்சைத் திரவத்துக்கு அவர் வைத்த பெயர் பச்சத் தண்ணி. "ஏலே, கடைசி லைன்ல பச்சத் தண்ணி கொறஞ்சு கெடக்கு, ஊத்திட்டு வா" என்பார். நைட் ஷிப்டில் இருந்த எல்லோருக்கும் அது பழகிவிட்டது. யார்டு கேட்டைத் தாண்டினால் பச்சைத் தண்ணி என்றால் காய்ச்சாத வெறும் தண்ணீர். இந்த வித்தியாசத்தை யாரும் யாருக்கும் சொன்னதில்லை. சொல்லவேண்டிய விஷயமாகத் தெரியவில்லை.

அவருடைய தங்கை ஷெர்லின் மைனி திரேஸ்புரத்தில் எங்கள் பக்கத்து வீடு. மைனியின் புருஷன் ஜோன்ஸ் அண்ணன் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். போன தடவை ஊருக்கு வந்தவர் திரும்பப் போகவில்லை. கப்பலில் நீராவிக் குழாய் வெடித்து ஒருவன் அவர் கண் முன்னாலேயே வெந்து செத்தான். அதிலிருந்து இன்ஜின் ரூம் படிக்கட்டில் அவரால் கீழே இறங்க முடியவில்லை. வீட்டில் மாடிப்படி இறங்கும்போதுகூடச் சுவரைப் பிடித்துக்கொள்வார். கம்பெனி விடவில்லை. அக்டோபரில் சிங்கப்பூரில் ஏறவேண்டும் என்று டிக்கெட்டே அனுப்பிவிட்டது.

ஏறாமல் இருக்க அவருக்கு ஒரே ஒரு வழி இருந்தது. அது பெர்சி அண்ணாச்சியின் நாக்கு.

பெர்சி இங்கிலாந்தின் வடக்கே ஒரு சின்ன ப்ரூவரியில் பாதி ஆயுள் பீர் காய்ச்சியவர். வயதான பிறகு ஊருக்கு வந்துவிட்டார். அவருடைய அக்கா மகன் புதுச்சேரியில், அங்கேயே காய்ச்சி அங்கேயே விற்கிற பார் ஒன்று திறக்கிறான். காய்ச்சுவதற்கு ஆள் வேண்டும். ஆளைப் பெர்சிதான் சொல்லவேண்டும். ஜோன்ஸ் அண்ணனுக்கு அவர் வைத்த பரீட்சை இதுதான்: இங்கிலீஷ் பேல் ஏல் என்கிற பீர் ஒரு ட்ரம் காய்ச்சிக் காட்டு. பால் விடாத கட்டஞ்சாயா நிறத்தில் இருக்கவேண்டும். கசக்கவேண்டும். விழுங்கிய பிறகு வாய் காய்ந்து, அடுத்த மடக்கு தானாகக் கேட்கவேண்டும். மற்றபடி அதில் ஒளிக்க இடமில்லை, ஒரு தப்பு செய்தாலும் நாக்கில் தெரிந்துவிடும் என்றார்.

வீட்டில் பீர் காய்ச்சுவது குற்றம். அதனால் குசினிக்குப் பின்னால் இருந்த அறையில் ஜன்னலைச் சாத்திவிட்டுக் காய்ச்சினார். நம் ஊர் வெக்கையில் ஈஸ்ட் கெட்டுப்போகும், ட்ரம்மைக் குளிரில் வைக்கவேண்டும். கழித்துப்போட்ட ரீஃபர் என்கிற குளிர்சாதனக் கன்டெய்னரிலிருந்து கழற்றிய செம்புச் சுருளை ட்ரம்முக்குள் இறக்கி, வெளியே ஒரு தொட்டி வைத்து, பழைய ஃப்ரிட்ஜ் கம்ப்ரஸரால் அதைக் குளிரவைத்து, அந்தத் தண்ணீரைப் பம்பு வைத்துச் சுருளுக்குள் ஓட்டினார். நல்ல வேலை. நானும் கூட நின்றேன். பாலிடெக்னிக்கைப் பாதியில் விட்டவனுக்கும் இன்ஜினியருக்கும் ஸ்பானர் ஒன்றுதான்.

"தொட்டியில கூலண்ட் ஊத்தணுமா அண்ணே?" என்று கேட்டேன்.

"என்னத்துக்குலே? இந்தக் குளிருக்குப் பச்சத் தண்ணி போதும். சுருள்ல ஓட்டை விழுந்தாலும் பீர்ல தண்ணிதான சேரும், விஷமா சேரப்போவுது?"

செப்டம்பரில் மணப்பாடு சிலுவைத் திருவிழாவுக்குக் குடும்பத்தோடு அம்மா வீட்டுக்குப் போனார். சாவியை ஜெபசீலன் அண்ணாச்சியிடம் கொடுத்தார். அங்கிருந்து போனில், "மச்சான், தொட்டியில லெவல் கொறஞ்சா பச்சத் தண்ணி ஊத்துங்க" என்றார்.

மச்சான் ஊற்றினார்.

பெர்சி வந்த அன்று காலை நான் ஷிப்ட் முடிந்து நேராக அங்கே போனேன். தூக்கம் கண்ணைக் கட்டியது, ஆனால் பார்க்கவேண்டும் போலிருந்தது. மனுஷன் ஒருவன் தப்பிக்கிறானா மாட்டுகிறானா என்று பார்ப்பதில் எனக்கு ஆர்வம் உண்டு.

வாசலில் மைனி நின்றாள். "நேத்து சாயந்திரம் ட்ரம்ம தெறந்தாரு. ருசி பாக்கேன் ருசி பாக்கேன்னு ஜக்கு ஜக்கா குடிச்சாரு. விடியக்காலைல இருந்து வாந்தி. பெர்சி அண்ணாச்சிய நாளைக்கு வரச் சொல்லுங்கன்னா கேக்க மாட்டேங்காரு."

ஜோன்ஸ் அண்ணன் உள்ளே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண் சிவந்து கிடந்தது. மாடி ஏறி வந்தவர் மாதிரி மூச்சை இழுத்து இழுத்து விட்டார். உட்கார்ந்த இடத்தில் எதற்கு இப்படி மூச்சு வாங்குகிறது என்று நினைத்தேன். பயம் என்று முடிவு செய்தேன்.

"நேத்தே குடிச்சுக் கவுந்துட்டு இன்னைக்கு என் கூட உக்காந்து என்னத்தலே சொல்லப்போற?" என்றார் பெர்சி. வெள்ளைச் சட்டை, சவரம் செய்த முகம், சென்ட் கிடையாது, பவுடர் கிடையாது. பக்கத்தில் தட்டில் வெறும் ரொட்டித் துண்டு, நடுவில் நாக்கின் ருசியைத் துடைக்க.

"நான் எதுக்கு அண்ணாச்சி சொல்லணும்? நீங்கதான் ஜட்ஜு" என்றார் ஜோன்ஸ் அண்ணன். ஜட்ஜு என்ற சொல்லில் நாக்கு தடுக்கியது.

பெர்சி கண்ணாடிக் கிளாஸைச் சாய்த்துப் பிடித்து ஊற்றினார். நுரை மெல்லிசாக நின்றது. ஜன்னல் கதவை அவரே திறந்து வெயிலில் பிடித்தார். கட்டஞ்சாயா நிறம்தான். ஓரத்தில் மட்டும், வெயில் படுகிற இடத்தில், ஏதோ மினுங்கியது.

"ஓரத்துல ஒரு பச்ச தெரியுதே."

"ஹாப்ஸ் அண்ணாச்சி. கடைசியில கொஞ்சம் கூட போட்டேன்."

ஹாப்ஸ் என்பது பீருக்குக் கசப்பு கொடுக்கிற பச்சைப் பூ. பெர்சி மூக்கைக் கிளாஸுக்குள் விட்டு எடுத்தார். காய்ந்த புல், ஆரஞ்சுத் தோல், பேக்கரியில் தட்டு வெளியே வரும்போது அடிக்கிற பிஸ்கட் மணம் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். ஒவ்வொன்றுக்கும் ஜோன்ஸ் அண்ணன் விரலை மடக்கினார். பெர்சி ஒரு மடக்கு விழுங்கினார். கண்ணை மூடினார்.

"கசப்பு சரியா வந்திருக்கு. நல்லாருக்குலே."

ஜோன்ஸ் அண்ணன் என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த மனுஷன் அப்படிச் சிரித்து நான் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. எனக்கும் அரை கிளாஸ் ஊற்றினார். குடித்தேன். வழுவழுப்பாக இறங்கியது, அடியில் ஒரு தித்திப்பு. எனக்குப் பிடித்திருந்தது. இன்னொரு கிளாஸ் கேட்கலாமா என்றுகூட யோசித்தேன்.

பெர்சி இரண்டாவது மடக்கை வாயில் வைத்திருந்தார். விழுங்கினார். ரொட்டியை மென்றார். மூன்றாவதைக் கொஞ்சமாக நுனி நாக்கில் வைத்தார்.

"முடியுற எடம் சரியில்ல. இனிக்குது."

"பார்லி மால்ட்டோட இனிப்பு அண்ணாச்சி."

"மால்ட் இனிப்பு முன்னால வந்துட்டுப் போயிரும். இது பின்னால வந்து உக்காருது. எந்திரிக்க மாட்டேங்குது." கிளாஸைக் கீழே வைத்தார். "ஊருக்குப் போவுததுக்கு முன்ன அளந்தியா?"

"அளந்தேன். பத்துல நின்னுச்சு."

பீரில் எவ்வளவு சர்க்கரை மிச்சம் இருக்கிறது என்று காட்டுகிற கண்ணாடிக் குச்சியைப் பெர்சி சட்டைப்பையிலிருந்து எடுத்தார். அளவுக் குழாயில் பீரை ஊற்றி அதை மிதக்கவிட்டார். குனிந்து பார்த்தார். என்னையும் பார்க்கச் சொன்னார். பதினாறு.

"ஈஸ்ட்டு சர்க்கரையத் தின்னா இது எறங்கும்" என்றார். "எறங்கினது ஏறாதுலே. எந்த நாட்டுலயும் ஏறாது. யாராவது கொண்டுபோய்ப் போட்டாத்தான் ஏறும்."

"சீனி போட்டேன்னு சொல்லுதீயளா?"

"நான் சொல்லல. குச்சி சொல்லுது. கசப்பு கூடிப்போச்சுன்னு பயந்து சீனியக் கரைச்சு ஊத்திட்ட. நேரா வந்து கசக்குதுன்னு சொல்லியிருந்தா நான் ஆள எடுத்திருப்பேன். ஏமாத்துதவன எப்படி அனுப்ப?"

"என் பிள்ளை மேல சத்தியமா போடல அண்ணாச்சி."

"பிள்ளைய எதுக்குலே இதுல இழுக்க?"

ஜோன்ஸ் அண்ணன் எழுந்தார். மேஜையைப் பிடித்துக்கொண்டுதான் எழ முடிந்தது. ஜக்கைத் தூக்கிப் பெரிய டம்ளரில் ஊற்றினார். "இனிப்பு எங்கன இருக்கு? எங்கன இருக்கு, காட்டுங்க" என்று ஒரே மூச்சில் குடித்தார். இன்னொன்று ஊற்றினார். அதையும் குடித்தார். மீசையில் நுரை. "நான் கீழ எறங்க மாட்டேன் அண்ணாச்சி. நீங்க இல்லன்னு சொன்னா என்னைய அங்க எறக்கிருவானுவ." சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. லேசான பீர், அதில் இந்த அளவுக்குப் போதை ஏறாது. அது எனக்கு அப்போதே உறைத்தது. ஏன் என்றுதான் தெரியவில்லை.

அப்போது ஜெபசீலன் அண்ணாச்சி பொரித்த மீன் பொட்டலத்தோடு உள்ளே வந்தார். "என்ன, பாஸா ஃபெயிலா?" என்றார். பொட்டலத்தை மேஜையில் வைத்தார். "மாப்ள, ஒங்க தொட்டி என்ன இந்தக் குடி குடிக்குது? மூணு தடவ எறங்கிப்போச்சு. நானும் ஊத்திக்கிட்டே இருந்தேன். சுருள்ல எங்கயாவது ஒழுகுதான்னு பாருங்க."

"என்னத்த ஊத்துனீங்க அண்ணாச்சி?" என்று நான்தான் கேட்டேன்.

"பச்சத் தண்ணிதாம்லே. நல்ல சரக்கு, யார்டுல இருந்து கேனோட கொண்டாந்தேன். மாப்ளைக்குன்னா சும்மாவா?"

பின் அறைக்குப் போனேன். ஜன்னல் சாத்தியிருந்தது. தொட்டி மூடியைத் தூக்கி போன் வெளிச்சத்தை அடித்தேன். அந்தப் பச்சையை எனக்குத் தெரியும். வருஷக்கணக்காக ராத்திரி ராத்திரி பார்த்த பச்சை. ட்ரம்முக்குள் இறங்கும் குழாய் குளிர்ந்து வியர்த்திருந்தது. பம்பு ஓடிக்கொண்டிருந்தது.

திரும்பி வந்து சொன்னேன். முதலில் பெர்சிக்குப் புரிந்தது. கிளாஸைத் தள்ளி வைத்தார். "அதான் இனிப்பு" என்றார். ஜெபசீலன் அண்ணாச்சி சிரித்த முகத்தோடு ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். "மாப்ளதான போன்ல பச்சத் தண்ணின்னு சொன்னாரு" என்றார். அதையே ஆட்டோவிலும் நிறுத்தாமல் சொல்லிக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி நெருங்கியதும் வேறு பேச்சு வந்தது. "ஷெர்லின், வீட்டுல காய்ச்சுனதச் சொல்லிராத. போலீஸ் கேஸ் ஆயிரும். நான் யார்டுல இருந்து கேன எடுத்ததும் வெளிய வரும். ஏதோ சாப்பிட்டது ஒத்துக்கலன்னு சொல்லு."

மைனி அவர் பக்கம் திரும்பவில்லை. புருஷனின் தலையை மடியில் பிடித்திருந்தாள். அவர் வாயைத் திறந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தார், கரையில் போட்ட மீன் மாதிரி.

டியூட்டி டாக்டர் சின்ன வயசு. குனிந்து பார்த்தவர் வாடை பட்டதும் நிமிர்ந்தார். "காலையிலயே குடியா? தெளியட்டும்" என்றார். ஜெபசீலன் அண்ணாச்சி தலையாட்டினார்.

"டாக்டர்" என்றாள் மைனி. "எங்க அண்ணன் ஊத்துன ஜெனரேட்டர் கூலண்டு பீர்ல கலந்திருக்கு. அதை நேத்து சாயந்திரத்துல இருந்து குடிச்சிருக்காரு."

அண்ணன் பக்கத்தில் நிற்கும்போதுதான் சொன்னாள். அதன் பிறகு எல்லோரும் ஓட ஆரம்பித்தார்கள்.

ஒரு பெரிய டாக்டர் வந்தார். அதற்கென்று இருக்கிற மருந்து இங்கே கிடையாது, வருவதற்குள் காரியம் கெட்டுவிடும் என்றார். சாராயம்தான் இப்போதைக்கு மாற்று. உடம்பு சாராயத்தை முதலில் எரிக்கும், அதுவரை கூலண்ட் விஷமாக மாறாமல் காத்திருக்கும். "பீர்ல கலந்ததாலதான் இவ்வளவு நேரம் தாங்கியிருக்காரு. தூங்கின நேரத்துல போதை எறங்கியிருக்கும், அப்பதான் கிட்னியில வேலையக் காட்ட ஆரம்பிச்சிருக்கு. டயாலிசிஸ் மெஷின் தயாராகணும். அதுவரை குழாய் வழியா கொடுக்க பிராந்தி வேணும். யாராவது ஓடுங்க."

நான் ஓடினேன். டாஸ்மாக் பன்னிரண்டு மணிக்குத்தான் திறப்பான். ஆனால் பக்கத்துச் சந்தில் காலையிலிருந்தே விற்கிற ஆள் உண்டு, ஊருக்கே தெரியும். ஆஸ்பத்திரிக்கு என்றேன். "எல்லாரும் அப்படித்தாம்லே சொல்லுதானுவ" என்று சிரித்துவிட்டுக் கூட இருபது ரூபாய் வாங்கிக்கொண்டான். அந்தப் பாட்டிலை அவர் மூக்குக் குழாயில் தண்ணீர் கலந்து இறக்கினார்கள். பெர்சிக்கும் எனக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கொஞ்சமாகத்தான் போயிருக்கிறது, ராத்திரி இங்கேயே தங்குங்கள் என்றார்கள். பெர்சி அடுத்த கட்டிலில் கண்ணைத் திறந்தபடி படுத்திருந்தார். நாக்கை வாய்க்குள் சுழற்றிக்கொண்டே இருந்தார். அந்த இனிப்பு இன்னும் போகவில்லை போல.

ஜோன்ஸ் அண்ணன் சாகவில்லை. கிட்னி இரண்டும் போய்விட்டன. திரும்பலாம், திரும்பாமலும் இருக்கலாம் என்கிறார்கள். வாரத்தில் மூன்று நாள் மெஷினில் படுக்கிறார். குடிக்கிற தண்ணீருக்குக்கூட ஒரு நாளைக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்துவிட்டார்கள். கப்பல் கம்பெனியின் டாக்டர் ரிப்போர்ட்டுகளைப் பார்த்துவிட்டு, இனி கடலுக்கு லாயக்கில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டார். சிங்கப்பூர் டிக்கெட் தானாக ரத்தாகிவிட்டது. புதுச்சேரியில் வேறு ஆளை எடுத்துவிட்டார்கள்.

போன ஞாயிறு பூசை முடிந்து பெர்சி அவரைப் பார்க்க வந்தார். நானும் இருந்தேன். ஜெபசீலன் அண்ணாச்சி வாசலிலேயே நின்றார். அந்த வீட்டுக்குள் இப்போது அவர் வருவதில்லை, மைனி கூப்பிடுவதும் இல்லை.

"அண்ணாச்சி" என்றார் ஜோன்ஸ் அண்ணன். முகம் வீங்கியிருந்தது. "அந்த இனிப்பக் கழிச்சுப் பாருங்க. பாஸ் ஆயிருப்பேனா?"

பெர்சி நாக்கை வாய்க்குள் ஒரு தடவை சுழற்றினார். பொய் சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். "அதை எப்படிலே கழிக்க? நான் குடிச்சது அதோட சேத்துத்தான" என்றார்.

ஜோன்ஸ் அண்ணன் கொஞ்சம் சிரித்தார். பிறகு உதட்டை நக்கிவிட்டு மைனியைப் பார்த்தார். "ஏளா, பச்சத் தண்ணி ஒரு வாய் தாயேன்."

வாசலில் ஜெபசீலன் அண்ணாச்சி செருப்பை மாட்டிக்கொண்டு படி இறங்கிப் போகும் சத்தம் கேட்டது.

"இன்னைக்கு அளவு முடிஞ்சுபோச்சு" என்றாள் மைனி.