கால் சுற்று

மருந்துக்கடைக்காரருக்கு வழியனுப்புவது என்றாலே ஆகாது. மகள் மூன்று வருட வேலைக்குக் கடல் கடந்து போகிறாள். வண்டி வர இன்னும் அரை மணி நேரம்தான் பாக்கி. மனிதர் என்ன செய்தார்? "அஞ்சே நிமிஷம், வந்துடறேன்" என்று மாடிப்படிக்குக் கீழே இருக்கும் தன் பட்டறைக்குள் புகுந்துகொண்டார். வாரம் ஆறு நாள் மாத்திரை எண்ணிக் கொடுக்கிறவருக்கு இரும்பின் மேல் அப்படியொரு பைத்தியம். தெருமுனை லேத்துக்காரர் அவரை 'அரை என்ஜினியர்' என்று கேலி செய்வார். இவருக்கோ அதில் உள்ளூரப் பெருமை.

பட்டறை என்று பெயர்தான். கைகளை விரித்தால் இரண்டு பக்கமும் சுவர் இடிக்கும். கதவு உள்பக்கமாகத் திறக்கும். மேசையோடு போல்ட் போட்டு இறுக்கிய எஃகுக் கட்டை ஒன்று, இரண்டு வருட ஞாயிற்றுக்கிழமைகளைத் தின்று குட்டி நீராவி என்ஜினின் உடம்பாகியிருந்தது. கடைசியாக ஒரே ஒரு ஓட்டைக்குள், குழாய் திருகி ஏறும்படி மரை வெட்ட வேண்டும். அந்த மரையை வெட்டும் டேப் என்ற கருவி, நுனியில் மெலிந்து, மேலே போகப் போகப் பருத்திருக்கும்; தலையில் கைப்பிடி மாட்டித் திருக வேண்டும். இறங்க இறங்க இறுகும். அரைச் சுற்று முன்னே போனால் கால் சுற்று பின்னே வர வேண்டும். அப்போதுதான் வெட்டுப்பட்ட இரும்புச் சீவல் அறுந்து விழும்.

இதெல்லாம் அவருக்குத் தலைகீழ்ப் பாடம். ஆனால் வெளியே அம்மாவும் மகளும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கேட்டுக்கொண்டே முன்னே மட்டும் திருகிக்கொண்டு போனார். டேப் இறுகியது. பின்னே எடுத்திருக்க வேண்டியவர், வீம்புக்குக் கதவைத் திறந்து, நீளமான இரும்புக் குழாயை நடையிலிருந்தே உள்ளே நீட்டி, நெம்புவதற்காக டேப்பின் கைப்பிடியில் மாட்டினார். நடையில் மகளின் பெட்டிகள் நின்றன. பார்க்கச் சகிக்காமல் குழாயை உள்ளே திருப்பிக் கதவைச் சாத்திவிட்டு ஒரு தள்ளு தள்ளினார்.

கிறீச் என்று நின்றது டேப். குழாய் கதவுக்குக் குறுக்கே நின்றது.

குழாயை உருவக் கதவு திறக்க வேண்டும். கதவு திறக்கக் குழாய் நகர வேண்டும். கைப்பிடியைத் தளர்த்தும் திருகு குழாய்க்குள்ளே. போல்ட்டைக் கழற்றும் ஸ்பேனரோ சாப்பாட்டு மேசையில். பின்னே இழுத்தால் டேப் முறுகுவது கையிலேயே தெரிந்தது. முறிந்தால் துண்டு ஓட்டைக்குள்ளேயே தங்கிவிடும். டேப்பின் இரும்பில் டிரில் இறங்காது. கட்டை குப்பைக்குத்தான்.

"அப்பா, வண்டி வந்துடுச்சு!"

கதவு நான்கு விரல் அகலம் திறந்து, 'டங்' என்று குழாயில் இடித்தது.

"என்னப்பா, குழாயால தாழ்ப்பாளா?" மகள் சிரித்தாள்.

"சிக்கிக்கிச்சும்மா. ரெண்டு நிமிஷம்." எண்ணெயை ஊற்றினார். நெற்றியிலிருந்து வியர்வையும் கூடவே விழுந்தது. மூச்சு முட்டியது.

"உடைச்சுத் தொலைச்சிட்டு வாங்களேன்! பொண்ணு கிளம்பறா!" என்றாள் மனைவி.

"உடைச்சா ரெண்டு வருஷ வேலை போச்சுடி!"

சொன்னதை விழுங்கிவிட முடிந்தால் விழுங்கியிருப்பார். கதவு இடுக்கு வழியாக மகளின் கை உள்ளே வந்தது.

"பரவால்லப்பா. கையையாவது குடுங்க."

எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துவிட்டுப் பிடித்துக்கொண்டார். சின்ன வயதில் ரோடு தாண்டப் பிடித்த கை. டிரைவர் ஹாரன் அடித்தார். அவள்தான் முதலில் விட்டாள்.

"வரேன்ப்பா. வேளாவேளைக்குச் சாப்பிடுங்க."

அவர் மறுபடி எண்ணெய் ஊற்றினார். மெதுவாக இழுத்தார். டேப் மயிரிழை நகர்ந்தது, மறுபடி நின்றது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று கெஞ்சினார். பெட்டிகளை வண்டியில் ஏற்றும் சத்தம் கேட்டது. வண்டிக் கதவு சாத்தும் சத்தமும் கேட்டது.

இரண்டு கையாலும் குழாயை ஒரே தள்ளு.

'டக்.' டேப் முறிந்தது, அவ்வளவுதான். கண் இமைக்கும் நேரம்கூட ஆகவில்லை. குழாய் ஒதுங்கியது, கதவு சாவகாசமாகத் திறந்தது.

செருப்புகூடப் போடாமல் வாசலுக்கு ஓடினார். வண்டி தெருமுனையில் திரும்பிவிட்டது. கையாட்டிக்கொண்டிருந்த மனைவி கையை இறக்கி, அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"இப்ப மட்டும் கதவு எப்படித் திறந்துச்சு?" என்று கேட்டாள்.