எச்சில் விழுங்கும் சத்தம்

...அது என் வாய் இல்லை, யாரோ செருப்புக் காலோடு சேற்றை மிதிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன், ஹெட்போனில் என் குரல் வருவதற்கு முன்னால் என் வாய் வந்து சேர்ந்தது, உதடு ஒட்டிப் பிரிகிற சத்தம், பல்செட் அண்ணத்தில் ஏறி உட்காருகிற சத்தம், நாக்கு என்ற அந்த ஈரப் பிராணி தன் வளைக்குள் புரண்டு படுக்கிற சத்தம்... சீ, இத்தனை காலம் இதை வைத்துக்கொண்டா சோறு தின்றேன், இந்த லட்சணத்தில் ஒருத்தியைக் கல்யாணம் வேறு செய்துகொண்டேனா? கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என் மகள், ஒலிப்பதிவுக் கூடம் அவளுடையது, கதை படிக்கிற குரல் மட்டும் என்னுடையது, அவள் பக்கத்தில் மைக் வியாபாரி. ஆள் மேல் பூசியிருக்கிற வாசனைத் திரவியம் கண்ணாடியைத் தாண்டி வந்து குமட்டுகிறது. சோதித்துப் பார்க்க இரண்டு மைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறான், ஒன்று வெள்ளி, டார்ச் லைட் பருமன், மற்றது கறுப்பு, கொஞ்சம் குட்டை, இரண்டுமே யானை விலை. சாயங்காலத்துக்குள் ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதைத் திருப்பித் தர வேண்டும். இரண்டுக்குள்ளும் கண்ணாடி வால்வு இருக்கிறதாம், அது சூடேற அரை மணி நேரமாம், அதுவரை அதன் முன்னால் பேசிப் பயனில்லையாம்... என் மாமனாரும் அப்படித்தான், காலையில் காப்பி உள்ளே போய்ச் சூடு பரவும்வரை அவரிடம் யாரும் பேச மாட்டார்கள், ஆனால் அவரை இந்த விலைக்கு யாரும் கேட்டதில்லை. எனக்கும் மைக்குக்கும் நடுவில் வட்டச் சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணி, எச்சில் மைக்கில் தெறிக்காமலிருக்க, எனக்கு முன்னால் பாடியவன் பூண்டு தின்றுவிட்டுப் பாடியிருக்கிறான், அவன் பாடிய ராகம் போய்விட்டது, பூண்டு போகவில்லை.

உத்தியோகம் முழுக்க ரயில் நிலையத்தில் அறிவிப்பாளனாக இருந்தவன் நான், அங்கே இருந்த மைக் வளைந்த கரண்டி மாதிரி இருக்கும், குரல் தகரமாகத்தான் போகும், ஆனால் மரியாதை தெரிந்த மைக், வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டு வாயை என்னிடமே விட்டுவிடும். சோதனைக்கு ஏதாவது பேசுங்க என்று மகள் கேட்டதும் வழக்கமான கதையைத்தான் எடுத்துவிட்டேன். மழை நாளில் தூக்கக் கலக்கத்தில் இல்லாத ரயிலை இல்லாத ஐந்தாம் மேடைக்கு வருவதாக அறிவித்தது, ஜனங்கள் மூட்டை முடிச்சோடு போய் ஏறிக்கொண்டது, ஒருவரும் புகார் செய்யாதது, ஒருவரும் திரும்பியும் வராதது. மகள் பட்டனை அழுத்தினாள், அழுத்தினால் மேசையில் பதித்திருக்கிற அற்ப மைக் ஒன்றின் வழியாக அவள் குரல் என் ஹெட்போனுக்கு வரும், "நடுநடுவுல ஒரு களக் வருதுப்பா. கொஞ்சம் தண்ணி குடிங்க." வியாபாரி பூரித்துப்போய் அவள் தோளுக்கு மேலாகக் குனிந்தான், "அது மைக்கோட குறை இல்லீங்க ஐயா, பெருமை. கொசு கொட்டாவி விட்டாக்கூட இந்த வெள்ளி மைக்ல விழும்." மறுபடி ஓட்டினார்கள், கேட்டேன். நான் அறிவிப்பாளன், சுத்தமாக இருந்தது. அன்றைக்கு மழை, சுத்தம். ஐந்தாம் மேடைக்கு முன்னால் களக். ஜனங்கள் ஏறினார்கள் என்பதற்கு முன்னால் களக். திரும்பியே வரவில்லை, அதற்கு முன்னால் பெரிய களக், கிணற்றில் தவளை விழுந்த மாதிரி... அப்படியானால் பொய்க்கு முன்னால் என் தொண்டை எச்சிலை விழுங்கிக்கொள்கிறதா, சாக்கடையைத் தாண்டுமுன் கால்சட்டையைத் தூக்கிப் பிடிப்பது போல? இத்தனை வருடம் ஊரை ஏமாற்றியதாக நினைத்தேனே, தொண்டை ஒவ்வொரு தடவையும் மணியடித்துவிட்டுத்தான் ஏமாற்றியிருக்கிறது.

போகட்டும், ஆகாசப் புளுகுக்கு எச்சில் என்ன, பன்னீர் என்ன என்று இருந்திருப்பேன், ஆனால் மகள் சொன்னாள், கதை வேண்டாம்ப்பா, அதுக்கு நீங்க நாடகக் குரல்ல ஏறிடறீங்க, போன்ல எங்கிட்ட பேசற மாதிரி மெதுவா, அம்மா என்னை வரச் சொன்னாங்கன்னு சொன்னீங்களே, அதையே சொல்லுங்க. அம்மாவும் மகளும் பேசி இரண்டு வருடமாகிறது. குழந்தைகளுக்கான ஒலிக்கதை ஒன்றில் ஓர் அரக்கன் தூங்க வேண்டியிருந்தது, எவன் விட்ட குறட்டையும் இவளுக்குப் பிடிக்கவில்லை, கடைசியில் மத்தியானம் வீட்டுக்கு வந்து, உறங்குகிற தாயின் மூக்கருகே மைக்கை நீட்டி, குறட்டையைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாள். அரக்கன் பிரமாதமாகத் தூங்கினான். மாடி வீட்டுக் குழந்தை கேட்டுவிட்டு, இது கீழ் வீட்டுப் பாட்டி என்றது. என் மூக்கு ஊருக்கு வேடிக்கையா என்று ஒரே ஒரு தடவை கேட்டாள் என் மனைவி, அதோடு மகள் விஷயத்தில் வாயை மூடிக்கொண்டாள். அதற்குப் பிறகு நடுவில் தபால்காரன் நான்தான், இரண்டு பக்கமும் தபாலே இல்லாததால் நானே எழுதி நானே கொண்டுபோய்க் கொடுக்கிறேன். இங்கே வந்து, அம்மா உன் இருமலை விசாரிச்சா. அங்கே போய், பொண்ணு உன் முட்டிவலியைக் கேட்டா. அதற்கு என் மனைவி எப்போதும் சொல்வது, எனக்கென்ன வந்தது. போன வாரம் கொஞ்சம் துணிந்து, ஞாயிற்றுக்கிழமை அம்மா உன்னை வரச் சொல்கிறாள் என்று போட்டுவிட்டேன். இது பொய் என்று தெரிந்தால் ஞாயிறும் போச்சு, இனி நான் வாயைத் திறந்தால் இருமலும் முட்டிவலியும்கூட விலைபோகாது.

"அம்மா ஞாயித்துக்கிழமை உன்னை வரச் சொன்னா" என்றேன், வெள்ளி மைக்கிடம். ஓட்டினாள். அம்மா ஞாயித்துக்கிழமை... களக்... உன்னை வரச் சொன்னா. அந்த இடத்தையே மறுபடி ஓட்டினாள், மறுபடியும், வியாபாரி கண்ணை மூடி என்ன துல்லியம் என்று ரசித்துக்கொண்டிருந்தான், எனக்கோ என் தொண்டைக் குழியைப் பிதுக்கி மேசை மேல் வைத்து விளக்கடித்துப் பார்க்கிற மாதிரி... இதுதான் இல்லையா, தன் மூக்கை ஊர் கேட்டபோது என் மனைவிக்கு இருந்தது இதுதான், நான் அன்றைக்குச் சிரித்தேன். கறுப்பு மைக்குக்கு மாற்றினார்கள். இந்தத் தடவை விழுங்குவதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டேன், உடனே எங்கிருந்துதான் ஊறியதோ, வாய் முழுக்க எச்சில், கொழகொழவென்று, வெதுவெதுப்பாக, இன்னொருவன் வாய்க்குள் நாக்கை விட்டுவிட்ட மாதிரி, சே, பேசினால் வழியும், பேசாவிட்டால் மூச்சு முட்டும், கடைசியில் விழுங்கித் தொலைத்துத்தான் சொன்னேன். ஆனால் கறுப்பு தங்கமான மைக், போர்வையைத் தலையோடு இழுத்து மூடியது மாதிரி குரலை மட்டும் வெளியே விட்டது. வெள்ளி வேண்டாம்மா, நாத்தம் பிடிச்ச மைக் என்றேன். மைக்கில் எப்படி ஐயா நாற்றம் வரும் என்று வியாபாரி புண்பட்டுக் கேட்டான். ரொம்பக் கிட்ட போய்க் கேட்டா எதுலயும் வரும் என்றேன்.

மகள் கண்ணாடி வழியாக என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், அம்மாவின் அதே பார்வை, விலை கேட்காமல் எடை போடுகிற பார்வை. பட்டனை அழுத்தினாள், "கறுப்பே இருக்கட்டும்ப்பா." அவள் விரலை எடுத்ததும் வியாபாரி கையை விரித்து என்னென்னவோ சொன்னான், கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அவன் தொட்டி மீனாகத்தான் தெரிந்தான். நான் சும்மா இருந்திருக்கலாம், இருக்க முடியவில்லை, வெள்ளியில ஏதோ சத்தம்னியே, என்னம்மா கேட்டுச்சு என்றேன். அவள் மறுபடி பட்டனை அழுத்தினாள். அந்த மேசை மைக், அற்ப மைக், வால்வுமில்லை, சூடேற்றவும் வேண்டாம், அதில் முதலில் வந்தது களக், சின்னதாக, தெளிவாக, என் தொண்டையையே உரித்து வைத்த மாதிரி. அதற்குப் பிறகுதான் குரல் வந்தது, "எனக்கு ஒண்ணும் கேக்கலப்பா." நான் ஹெட்போனைக் கழற்றப் போனேன், காதுறையில் யாருடைய வியர்வையோ கன்னத்தோடு ஒட்டி இழுத்தது, அதற்குள் மறுபடி அவள் குரல், "ஞாயித்துக்கிழமை வர்றேன்னு அம்மாகிட்ட சொல்லுங்க." இதற்கு முன்னால் சத்தமே இல்லை. காதை உள்ளே திணித்துக் கேட்டேன், இல்லை, மொட்டையாக, காய்ந்து, அப்படியே வந்தது. வெள்ளி மைக்கைச் சூடு ஆறுமுன்பே பெட்டியில் அடைத்துக்கொண்டிருந்தான் வியாபாரி... வீட்டுக்குப் போய் இதைச் சொல்ல வேண்டும், முதல் தடவையாக நிஜத் தபால், என் மனைவி சமையலறையில் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்பாள், எனக்கென்ன வந்தது என்பாள், குழாயைத் திறந்து விட்டுத்தான் அதை எப்போதும் சொல்வாள், தண்ணீர் பாத்திரத்தில் விழுகிற சத்தத்தில், அதற்கு முன்னால் அவள் தொண்டையில் என்ன கேட்கும் என்று நான் ஒரு நாளும்...